பேசும் மூங்கில்

குழல் என்ற சொல்லைக் கேட்டமாத்திரத்தே எமது மனம் ஆயர்பாடிக்கு ஓடிவிடுகின்றது. கண்ணன் ஊதினான், கோபியர் மயங்கினர். ஆனால், அவன் குழலிலே என்ன வார்த்தை சொன்னான் என்று எவரேனும் கேட்டதுண்டோ? இசை அழைத்தது, அவ்வளவே. குழலினாலே வார்த்தையும் வாக்கியமும் பேசிக் காதல் செய்த ஒரு மக்கட் கூட்டத்தாரைப் பற்றி இவ்வாரம் வாசக நேயர்களுக்குச் சொல்ல விரும்புகின்றோம்.

தென்சீனத்து மலைநாட்டிலும், அங்கிருந்து பத்தொன்பதாம் நூற்றாண்டிலே தெற்கு நோக்கிப் பெயர்ந்து வியட்நாம், லாவோஸ், தாய்லாந்து ஆகிய தேசங்களின் மலைச்சாரல்களிலும் குடியேறியவர்கள் மொங் மக்கள். அவர்களுடைய காதற்குழலின் பெயரை ‘ட்டா ம்ப்ளாய்’ என்று ஏறக்குறைய எழுதலாம். மூங்கிற் குழாயின் ஒரு முனைக்கு அருகில் மெல்லிய பித்தளை நாக்கு ஒன்று பதிக்கப்பட்டிருக்கும். அவ்விடத்தை வாயினால் மூடி ஊத, நாக்கு அதிரும். விரல்கள் துளைகளை மூடித் திறந்து சுருதியை மாற்றும். ஆர்மோனியப் பெட்டிக்குள்ளே அதிர்வதும் இவ்வினத்து நாக்கே. ஆகையால் இதன் ஒலி புல்லாங்குழலின் ஒலி அன்று; மூக்காற் பேசும் மனிதக் குரலை ஒத்தது.

மூங்கில் எவ்வாறு பேசும்? எமது இலக்கண நூலார் எடுத்தல், படுத்தல், நலிதல் என ஓசை வேறுபாடு கூறினர். தமிழில் அவை சொல்லின் பொருளை மாற்றுவதில்லை. மொங் மொழியிலோ, அவ்வேறுபாடே பொருள். ‘பொ’ என்னும் ஓரசையை ஒருவிதமாக ஒலித்தால் பந்து. வேறுவிதமாக ஒலித்தால் எறிதல். இன்னும் வேறுவேறாக ஒலித்தால் முள், காணுதல், தந்தையைப் பெற்ற பாட்டி! இவ்வாறு ஏழெட்டு வகை உண்டு. இந்த ஏற்ற இறக்கங்களையே குழல் பின்பற்றுகின்றது. மெய்யும் உயிரும் மறைந்துவிட, சொல்லின் ஓசைவடிவம் மாத்திரம் எஞ்சும். அதனைக் கொண்டு சொல்லை உணர்வதற்கு, காதற்பாட்டுக்களின் வழக்கமான சொற்றொடர்களில் ஊறிய செவி வேண்டும். அத்தகைய செவி அக்காலத்து மலைக்கிராமங்களில் இளைஞருக்கும் கன்னியருக்கும் இருந்தது.

இரவிலே பேசுவதற்கு இதனினும் அடக்கமான கருவி ஒன்றுண்டு. எமது முகர்சிங்குக்கு உறவான அதன் பெயர் ‘ஞ்சா’. வீட்டார் உறங்கியபின் இளைஞன் சுவரின் புறத்தே நின்று, மெல்லிய அப்பித்தளைத் தகட்டை உதட்டருகே வைத்து மீட்டுவான். சுவரின் உட்புறத்தே படுத்திருப்பவளுக்கு அது கேட்கும். அவளும் தன் கருவியால் விடை கூறலாம், கூறாமலும் விடலாம். வாய்திறந்து கேட்டு மறுக்கப்பட்ட அவமானம் அவனுக்கில்லை. மறுத்த பழி அவளுக்குமில்லை. ‘யான் ஒன்றும் சொல்லவில்லை, இசைத்தேன்’ என்று இருவருமே சாதிக்கலாம். எமது வகுப்பறையிலே கைப்பற்றப்படும் கடிதத் துண்டுகளுக்கு இவ்வளவு நல்ல பாதுகாப்பு இல்லை!

இத்தனை சுதந்திரத்திடையே ஒரு கண்டிப்பான விதியும் உண்டு. ஒரே குலப்பெயருடையோர், எத்துணைத் தூரத்து ஊரவராயினும், உடன்பிறந்தாராகவே கருதப்படுவர். அவர்க்குள் விவாகம் கூடாது. புத்தாண்டுக் காலத்தில் ஆணும் பெண்ணும் எதிரெதிர் வரிசையில் நின்று பந்தெறிந்து விளையாடுவதும் குலம் வேறுபட்டவருக்கிடையே தான். அவ்விளையாட்டின் பெயரிலும் எறிதல், பந்து என்னும் இரண்டு ‘பொ’க்கள் அடுத்தடுத்து நிற்கின்றன.

1975-ஆம் ஆண்டு லாவோஸில் ஆட்சி மாறியபோது, மொங் மக்கள் ஆயிரக்கணக்கில் மீகொங் நதியைக் கடந்து தாய்லாந்து அகதிமுகாம்களுக்கு ஓடினர். பின்னர் பலர் அமெரிக்கா சென்றனர். 2020-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பிலே அங்கு மூன்று இலட்சத்துக்கு மேற்பட்டிருந்தனர். சிதறிய உறவினர் ஒருவருக்கொருவர் கடிதத்துக்குப் பதிலாகக் குரலையும் பாட்டையும் ஒலிநாடாவிற் பதிந்து அனுப்பினார்கள். ஆனால் ஆங்கிலத்தில் வளர்ந்த பிள்ளைகளிற் பலருக்குத் தாய்மொழியின் ஓசைநுட்பங்களே கைநழுவின. காதல் பேசத் தொலைபேசி வந்தபின் சுவரோரத்தில் நிற்பார் யார்? புத்தாண்டுப் பந்து இன்றும் அமெரிக்க நகரங்களில் எறியப்படுகின்றது. குழலோ மேடைக்கு வந்துவிட்டது. ஒருத்திக்கென ஊதியது ஒலிபெருக்கியின் முன்னே ஊதப்படுகின்றது, பேரப்பிள்ளைகள் கைதட்டுகின்றனர். அதில் என்ன சொல்லப்பட்டது என்று அறிய, அருகிலிருக்கும் பாட்டியைத்தான் அவர்கள் கேட்கவேண்டியிருக்கின்றது.