ஆர்மோனியப் பெட்டியில் ஒரு க்யூஆர் கோடு

போன வைகாசியில் செய்யாறு பக்கத்து ஊர் ஒன்றில் கர்ண மோட்சம் தெருக்கூத்து. இரவு ஒரு மணி இருக்கும். கர்ணனுக்கும் பொன்னுருவிக்கும் தர்க்கம் சூடுபிடித்த நேரத்தில் ஒரு பெரியவர் எழுந்து போய் நூறு ரூபாய்த் தாளைக் கட்டியங்காரன் கையில் வைத்தார். பாட்டு நின்றது. பெரியவரின் பெயர், அவர் அப்பா பெயர், தெரு எல்லாவற்றையும் கட்டியங்காரன் உரக்கச் சொல்லி, "பொன்னுருவி வேஷக்காரருக்கு அன்பளிப்பு ரூபாய் நூறு" என்றார். மிருதங்கம் ஒரு தீர்மானம் வைத்தது. விட்ட அடியிலிருந்து பாட்டு தொடர்ந்தது.

கொஞ்ச நேரத்தில் ஓர் இளைஞர் வந்தார். கையில் தாள் இல்லை, செல்போன். ஆர்மோனியப் பெட்டியின் பக்கவாட்டில் ஒட்டியிருந்த க்யூஆர் கோடை ஸ்கேன் செய்து ஐம்பது ரூபாய் அனுப்பினார். ஆர்மோனியக்காரர் போனைத் திருப்பிக் காட்ட, கட்டியங்காரன் எட்டிப் பார்த்து அந்தப் பெயரையும் அதே ராகத்தில் சபைக்குச் சொன்னார்.

ஒன்பது வருடமாகக் கூத்தை வீடியோ எடுத்து இணையத்தில் ஏற்றுகிறேன். கலைஞருக்குப் பணம் போய்ச் சேரும் சமூக வலைத்தளம் எப்படி இருக்க வேண்டும் என்று யாராவது என்னைக் கேட்டால், அந்த இரண்டு நிமிடத்தைத்தான் காட்டுவேன். ரசித்தவர் கையிலிருந்து ஆடியவர் கைக்கு, ஊரறியப் பெயரோடு, நடுவில் யாரும் பிடித்துக்கொள்ளாமல் பணம் போனது.

இணையத்தில் எனக்கு நடந்தது வேறு. பெரிய வீடியோ தளம் ஒன்றில் ஏழு மணி நேரக் கூத்து ஒன்றை ஏற்றியிருந்தேன். அதில் நாற்பது விநாடி ஆர்மோனிய மெட்டுக்கு ஓர் இசை நிறுவனம் உரிமை கோரியது. முழுப் பதிவின் விளம்பர வருமானமும் அவர்கள் பக்கம் போனது. அது அந்த ஜமாவின், அதாவது கூத்துக் குழுவின், வாத்தியார் தன் தகப்பனாரிடம் கற்ற மெட்டு என்று எழுதினேன். இயந்திரம்தான் பதில் சொன்னது. கோபித்துக்கொண்டு கிளம்பவும் வழியில்லை. பார்வையாளர்கள், பின்னூட்டங்கள், ஒன்பது வருட உறவு எல்லாம் அந்த வீட்டுக்குள் பூட்டிக் கிடக்கின்றன.

பூட்டில்லாத வீடு உண்டா என்று கேட்பவர்களுக்கு அவர்கள் கையில் இருக்கும் யுபிஐயையே காட்டலாம். ஒருவர் கூகுள் பேயில் இருக்கிறார், இன்னொருவர் போன்பேயில். பணம் போகிறது. எந்த ஆப் என்று டீக்கடைக்காரர் கேட்பதில்லை. ஒரு பதிவும் ஒரு பின்னூட்டமும் மட்டும் ஏன் அப்படிப் போகக் கூடாது? போகலாம். அதற்கான பொது விதிமுறையான ஆக்டிவிட்டிபப்பை, இணையத்துக்கு விதிமுறைகள் வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 2018 ஜனவரியிலேயே ஏற்றுக்கொண்டுவிட்டது. குறும்பதிவுத் தளமான மாஸ்டடானும், பிரான்சின் ஃப்ராமாசாஃப்ட் உருவாக்கிய வீடியோ தளமான பியர்டியூப்பும் அதில்தான் ஓடுகின்றன. யாரும் தங்கள் சர்வரை வைத்துக்கொள்ளலாம். ஒரு சர்வரில் இருப்பவர் இன்னொரு சர்வரில் இருப்பவரைப் பின்தொடரலாம். உரிமையாளர் என்று ஒற்றை ஆள் கிடையாது. அவற்றில் பணம் மட்டும்தான் உள்ளே கட்டப்படவில்லை.

பணத்தை உள்ளேயே கட்டிப் பார்த்தவர்களும் இருக்கிறார்கள். 2016இல் நெட் ஸ்காட், டான் லாரிமர் இருவரும் தொடங்கிய ஸ்டீமிட் அதில் முக்கியமானது. எழுதினால் பணம் என்றார்கள். வாசகர் பையிலிருந்து ஒரு காசும் போகாது. நாள்தோறும் புதிதாக உருவாகும் ஸ்டீம் என்ற நாணயத்தை வாக்குகளின்படி பிரித்துக் கொடுப்பார்கள். வாக்கின் எடையோ ஆளுக்கு ஆள் மாறும். அதிக நாணயத்தை முடக்கி வைத்திருப்பவருடைய ஒரு விரலழுத்தத்துக்கு ஆயிரம் சாதாரண வாசகர்களின் வாக்கும் ஈடாகாது. சீக்கிரமே வாக்கை விலைக்கு விற்கும் தானியங்கி பாட்கள் முளைத்தன. நாணயம் 2018 ஜனவரியில் எட்டு டாலரைத் தொட்டது, அந்த ஆண்டு முடிவில் அரை டாலருக்கும் கீழே இருந்தது. நவம்பரில் நிறுவனம் தன் ஊழியர்களில் 70 சதவீதத்துக்கும் அதிகமானோரை வீட்டுக்கு அனுப்பியது.

அதைவிட என்னை உலுக்கியது 2020இல் நடந்தது. பிப்ரவரியில் ட்ரான் என்ற மெய்நிகர் நாணயத்தின் அதிபர் ஜஸ்டின் சன் ஸ்டீமிட் நிறுவனத்தை வாங்கினார். அதோடு வந்த பெரும் நாணயக் குவியலை வைத்து அவர் வலைப்பின்னலையே வளைத்துவிடுவார் என்று பயந்து, அதே நாணய வாக்கில் தேர்வாகி அதை நடத்திய சாட்சியாளர்கள் அந்தக் குவியலைப் பயன்படுத்த முடியாமல் தடுத்தார்கள். மார்ச் 2ஆம் தேதி மூன்று நாணயச் சந்தைகள் தங்கள் வாடிக்கையாளர்கள் போட்டுவைத்திருந்த நாணயங்களைக் கொண்டே வாக்களித்து, அந்தச் சாட்சியாளர்களை இறக்கிவிட்டன. வாக்களிக்க நாணயத்தை முடக்கியாக வேண்டும், முடக்கியதை முழுதாகத் திரும்ப எடுக்க 13 வாரம் ஆகும் என்பது அங்கே விதி. மார்ச் 20ஆம் தேதி ஒரு கூட்டம் பிரிந்துபோய் ஹைவ் என்று தனிக்குடித்தனம் போட்டது. வலைப்பின்னல் பரவலாக இருந்தும் வாக்கு பணத்தின் எடையில் இருந்ததால், பணத்தைக் குவித்தவர் ஒரே நாளில் ஊரை வாங்க முடிந்தது.

சம்பாதிக்க வா என்று கூப்பிட்டால் சம்பாதிக்க வருகிறவர்கள்தான் வருவார்கள். எல்லாரும் எழுதுவார்கள், படிக்க ஆள் இருக்காது. செய்யாறு கூத்துக்களத்தில் அந்த ராத்திரி எண்ணூறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவரும் பணம் கிடைக்கும் என்று வரவில்லை. கர்ணன் சாவதைப் பார்க்க வந்தார்கள். பணம் அதற்குப் பிறகு வந்தது.

நாஸ்டர் இந்த விஷயத்தில் சரியான பக்கம் நிற்கிறது. 2020இல் பிறந்த இந்த வலைப்பின்னலில் ஒரு பதிவு பிடித்தால் அதன் கீழேயே 'ஸாப்' என்று பிட்காயின் துணுக்கு அனுப்பலாம். அதற்கு சாட் என்று பெயர், ஒரு பிட்காயினில் பத்துக் கோடியில் ஒரு பங்கு. யார் கொடுத்தார் என்பது எல்லாருக்கும் தெரியும். கட்டியங்காரன் வேலைதான். ஆனால் 2023 ஜூனில் ஆப்பிள், நாஸ்டருக்கான டேமஸ் செயலியிடம் ஆட்சேபம் எழுப்பியது. பதிவுக்குக் கீழே அன்பளிப்பு வாங்கினால் அது டிஜிட்டல் சரக்கு விற்பனை, எங்கள் கட்டண வழியில்தான் வர வேண்டும் என்றது. டேமஸ் பதிவுகளின் கீழிருந்த பொத்தானை எடுத்துவிட்டு ஆளின் முகப்பில் மட்டும் வைத்துக்கொண்டது. ஆடும்போது கொடுக்காதே, ஒப்பனை அறைக்குப் போய்க் கொடு என்கிற கதை. அன்பளிப்பின் உயிர் அந்தப் பாட்டு, அந்த நொடி. ஆப் ஸ்டோர் பக்கமே போகாமல் பிரவுசரில் திறக்கும் பக்கமாக இருக்க வேண்டும் என்று நான் பிடிவாதமாக இருப்பது அதனால்தான்.

பிட்காயினும் எங்களுக்கு ஒத்துவராது. நம் நாட்டில் மெய்நிகர் சொத்து லாபத்துக்கு 2022 ஏப்ரலிலிருந்து 30 சதவீத வரி, அதே ஆண்டு ஜூலையிலிருந்து 1 சதவீதம் டிடிஎஸ். அறுபது வயது வேஷக்காரரை அந்தக் கணக்கில் மாட்டிவிட எனக்கு மனம் வராது. அவருக்குத் தெரிந்தது யுபிஐ, ஐம்பது ரூபாய் அனுப்பினால் ஐம்பதும் வந்துவிடுகிறது. யுபிஐ ஓடுவதும் ஒரே அமைப்பின் தண்டவாளத்தில்தான் என்று நண்பர்கள் சண்டைக்கு வருகிறார்கள். வாஸ்தவம். ஆனாலும் பதிவும் உறவும் நம் கையில் இருந்தால், பணத்தின் பாதையை நாளைக்கு மாற்றிக்கொள்ளலாம்.

கலைஞருக்குப் பணம் என்று பேசுகிறவர்கள் சர்வர்காரரை மறந்துவிடுகிறார்கள். ஊரில் கூத்து வைக்க முதலில் தலைக்கட்டு வரி போடுவார்கள், வீட்டுக்கு இவ்வளவு என்று. பந்தல், விளக்கு, ஜமாவுக்குப் பேசிய தொகை எல்லாம் அதிலிருந்து. அன்பளிப்பு அதற்கு மேல். வலைப்பின்னலுக்கும் இரண்டும் வேண்டும். இல்லாவிட்டால் யாரோ ஒரு தன்னார்வலர் சொந்தச் செலவில் இரண்டு வருடம் ஓட்டி, ஒரு நாள் களைத்துப்போய் மூடிவிடுவார்.

ஆனி மாதம் நான் ஒரு பியர்டியூப் சர்வர் போட்டேன். ஒரே வீடியோவை ஒரே சமயத்தில் பலர் பார்த்தால் பார்ப்பவர்களே அதை ஒருவருக்கொருவர் பகிர்ந்து பாரத்தைக் குறைப்பார்கள் என்பது அதில் எனக்குப் பிடித்த விஷயம். வேறு ஊர்களிலிருந்து ஆள் பிடிக்கவில்லை. சுற்றுவட்டாரத்து ஏழு ஊர்களிலிருந்து சென்னைக்கும் பெங்களூருக்கும் வளைகுடாவுக்கும் போனவர்கள் ஏற்கெனவே ஒரு வாட்ஸ்அப் குழுவில் இருந்தார்கள், அவர்களை மட்டும் கூப்பிட்டேன். நாற்பது குடும்பம் மாதம் ஐம்பது ரூபாய் வரி ஒப்புக்கொண்டது. ஒவ்வொரு காட்சியின் கீழேயும் ஜமாவின் க்யூஆர் கோடு. வேஷக்காரருக்கு நேராகவா, பொதுவில் சேர்த்துப் பங்கு பிரிப்பதா என்பது வாத்தியார் முடிவு.

வாத்தியாரிடம் எல்லாவற்றையும் விளக்கினேன். கடைசி வரை கேட்டுவிட்டு, "பேர் யார் சொல்லுவா?" என்றார். திரையில் வரும் என்றேன்.

"எழுதிக் காட்டினா போதாது தம்பி. வாயால சொல்லணும். சபையில பேர் கேக்கணும்னுதான் கொடுக்கறாங்க."

ஆடியில் அடுத்த கூத்து. விநாயகர் பாட்டு முடிந்ததும் கட்டியங்காரன் மடித்து வைத்திருந்த தாளைப் பிரித்தார். பெங்களூர் ஐந்து பேர், சென்னை நாலு, ஷார்ஜா ஒருவர், மஸ்கட் ஒருவர். பதினோரு பெயரையும் அப்பா பெயரோடும் தெருவோடும் சொன்னார். ஷார்ஜாக்காரர் பெயர் வந்தபோது முன்வரிசையில் உட்கார்ந்திருந்த அவருடைய அம்மா எழுந்து நின்றுகொண்டார்.