படமும் பக்கமும்

அச்சிட்ட பக்கத்தைத் திறந்தவுடன் வாசகரின் கண் முதலில் சென்று தங்குவது பெரும்பாலும் ஒளிப்படத்தின் மீதே. ஆதலால், பக்க வடிவமைப்பில் படமும் செய்தியின் ஒரு பகுதியாகிறது. அதனைத் தேர்ந்தெடுக்கவும் திருத்தவும் அழகுணர்வோடு நேர்மையும் வேண்டும்.

படத்தைத் தேர்ந்தெடுப்போர், அது எதைச் சொல்கிறது என்பதை முதலில் நோக்குதல் வேண்டும். ஒரே மையப்பொருளும் எளிய பின்புலமும் கொண்ட படம் சிறிய அளவிலும் தெளிவாகப் புலப்படும். தலைப்பைப் படத்தின் மேல் இட வேண்டுமாயின், வானம், சுவர் போன்ற வெற்றிடம் அதில் இருத்தல் நலம். தரமான அச்சுக்கு ஓர் அங்குலத்திற்கு 300 படப்புள்ளிகள் வேண்டும் என்பது பொதுவான அளவுகோல். அதன்படி, 1800 படப்புள்ளி அகலமுள்ள படம் 6 அங்குலம் வரை தெளிவாக அமையும். 600 படப்புள்ளி அகலமுள்ள படத்திற்கு 2 அங்குலமே எல்லை. கைப்பேசித் திரையில் பளிச்சிடும் படம் பள்ளி ஆண்டு மலரில் மங்கித் தோன்றுவது இதனால்தான்.

திருத்தத்திற்கும் எல்லை உண்டு. தேவையற்ற ஓரத்தை நீக்குதல், சாய்ந்த அடிவானத்தை நேராக்குதல், இருண்ட பகுதிக்கு அளவாக ஒளியூட்டுதல் ஆகியன படத்தில் உள்ளதைத் தெளிவாக்குவன. இல்லாததைச் சேர்ப்பதும் இருப்பதை இடம்பெயர்ப்பதும் பொய்யுரைத்தலாகும். 'நேஷனல் ஜியாகிரபிக்' இதழின் 1982 பிப்ரவரி அட்டைக்கு எகிப்தின் கீசா பிரமிடுகளின் படம் தேர்ந்தெடுக்கப்பட்டது. அகலவாக்கில் எடுத்த அப்படத்தை நெடிய அட்டைக்குள் அடக்குவதற்காகப் பிரமிடுகள் கணினியின் துணையால் நெருக்கி வைக்கப்பட்டன. அட்டை நிறைந்தது, இதழின் நம்பகத்தன்மைக்குக் குறை நேர்ந்தது.

1994 ஜூனில், கொலைக்குற்றம் சாட்டப்பட்ட கறுப்பின விளையாட்டு வீரர் ஓ. ஜே. சிம்சனைக் காவல்துறை எடுத்த படத்தை, 'டைம்' இதழ் மேலும் இருளாக்கி அட்டையில் வெளியிட்டது. 'நியூஸ்வீக்' அதே படத்தை இருளாக்காமல் வெளியிட்டதால் வேறுபாடு எவர்க்கும் விளங்கிற்று. நீதிமன்ற விசாரணை தொடங்குமுன்பே அவரைக் குற்றவாளியாகக் காட்டியது அவ்விருள் எனக் கண்டனம் எழுந்தது.

அழகுக்காகச் செய்யும் சிறு மாற்றத்தால் தீங்கென்ன எனச் சிலர் வினவலாம். கதைக்கு வரையும் ஓவியத்தில் அவ்வுரிமை உண்டு. நடந்ததற்குச் சான்றாக நிற்கும் ஒளிப்படத்தில் அது இல்லை. ஏனெனில், வாசகர் அதனைக் கண்ணால் கண்டதாகவே நம்புகிறார். படம் பக்கத்திற்குப் பொருந்தவில்லையெனில் வேறு படத்தைத் தேடலாம், பக்கத்தின் அமைப்பை மாற்றலாம், உண்மையை மாற்றலாகாது.