காலி உறை

பிழை கண்டு கடிதம் எழுதும் நேயர்களிடம் நமக்குக் கொஞ்சம் பயமுண்டு. அமெரிக்காவில் மார்வெல் சித்திரக் கதைகளின் ஆசிரியராயிருந்த ஸ்டான் லீக்கு அது இருந்ததாகத் தெரியவில்லை. 1962-ல் அவரும் சித்திரக்காரர் ஜாக் கிர்பியும் சிருஷ்டித்த ஹல்க் என்னும் ராட்சதன் முதல் இதழில் சாம்பல் நிறம். அந்த மை பக்கத்துக்குப் பக்கம் வேறுபடவே, இரண்டாம் இதழில் பச்சையாகிவிட்டான். அச்சுக்கூடத்தாருடன் மன்றாடியவர்கள் இதை நம்புவார்கள்!

ராட்சதனாக மாறும் விஞ்ஞானியின் பெயர் புரூஸ் பானர். 1964-ல் லீ அவரை மறதியாகப் பாப் பானர் என்று எழுதிவிட்டார். நேயர்கள் விடுவார்களா? முழுப் பெயர் ராபர்ட் புரூஸ் பானர் என்று சமாதானம் பிறந்தது. அது இன்றும் நிலைத்திருக்கிறது. தம் ஞாபகசக்தி மோசமென்று லீயே பிற்காலத்தில் ஒப்புக்கொண்டார். ஆகையால் இதைப் பித்தலாட்டம் என்று சொல்ல நமக்கு மனம் வரவில்லை.

பிறகு இந்தச் சமாதான வேலையை நேயர்களே ஏற்றுக்கொண்டார்கள். முரண்பாட்டைச் சுட்டி, அது முரண்பாடே அல்லவென்று யுக்தியுடன் சாதிப்பவருக்குப் பரிசு வந்தது. உறையின் மேல் பரிசு உள்ளே இருப்பதாக அச்சிட்டிருக்கும், உள்ளே ஒன்றுமிராது. உறை காலியாக இருக்கிறதே என்று புகார் எழுதியவர்களும் உண்டாம். அவர்களுக்கு இன்னொரு உறை அனுப்பியிருக்கலாம்.