சூனியக்காரியின் காதலும் தூக்குக் கயிறும்

சூனியக்காரியைக் கதாநாயகியாக்கிக் காதல் நாவல் புனைவது மேல்நாட்டில் பெருவழக்காகிவிட்டது. படிப்போரிடம் நமக்குப் பகையில்லை. பேயும் பூதமும் கதையில் உலவட்டும். ஆயின் மெய்யாகவே தூக்கிலிடப்பட்ட மாதொருத்தியை இழுத்துவந்து, அவள் சூனியக்காரியே என்றெழுதுவதை நாம் ஒப்போம்.

அமெரிக்காவின் சேலம் ஊரில் 1692-ஆம் ஆண்டு ஜூன் 10-ந் தேதி முதன்முதல் தூக்கிலேறியவள் பிரிட்ஜெட் பிஷப். அவ்வாண்டு தூக்குண்டோர் 19 பேர்; கல்லேற்றி நசுக்கப்பட்டவர் ஒருவர். சாட்சியம் யாது? அவளது ஆவியுரு எங்களைக் கிள்ளிற்று என்று சில சிறுமியர் அலறினர். வேறெவர் கண்ணுக்கும் தெரியாத அவ்வுருவை நீதிபதிகள் சாட்சியாக ஏற்றனர். பிறர் காணாததைக் காணும் ஞானதிருஷ்டி என்று நாவலாசிரியர்கள் தம் நாயகிக்கு அணியாகச் சூட்டுகின்றார்களே, சேலத்தில் அதற்கு உரிமை பாராட்டியோர் கொல்லப்பட்டவரல்லர், நேயர்களே, குற்றஞ்சாட்டியவர்!

அம்மாது குற்றமற்றவளென மாசசூசெட்ஸ் அரசாங்கம் சட்டஞ்செய்ய 2001 வரை ஆயிற்று. பத்தே ஆண்டில், 2011-ல், டெபோரா ஹார்க்னஸ் அம்மையார் தம் நாவலின் நாயகியை அவள் வழித்தோன்றலாகவும் பிறவிச் சூனியக்காரியாகவும் படைத்தார். அவரோ சரித்திரப் பேராசிரியை! நூல் சுவையானதுதான். எனினும் மூதாட்டியின் மந்திரசக்தி இவளுக்கு இறங்கிற்றென்றால், அன்று தூக்கிலிட்ட நீதிபதி சொன்னது மெய்யென்றாகிறதே. பழங்கதை தானே என்பீரோ? சூனியக்காரியென்று பெண்களை வதைப்பதைத் தடுக்கப் பீஹாரில் 1999-ல் தனிச்சட்டமே வேண்டியிருந்தது. கற்பனையில் ஆயிரம் சூனியக்காரிகளைப் பிறப்பிக்கலாம், பெயருக்கா பஞ்சம்?