தபால் செலவும் சிபில் ரிப்போர்ட்டும்

நண்பர்களே, இந்த முறை கொஞ்சம் வரவு செலவு விஷயம். காமர்ஸ் படிக்கிறவன் இதைக்கூட எழுதாவிட்டால் எப்படி? :-)

கடன் வாங்கப் போனால் "உங்க சிபில் சரியில்ல" என்று திருப்பி அனுப்புகிறார்கள். ரிப்போர்ட்டை எடுத்துப் பார்த்தால் எப்போதோ கட்டி முடித்த கடன் இன்னும் நிலுவையில் நிற்கிறது. தப்பு வங்கியுடையது. அதைச் சரி செய்ய அலைவது நாம். அலைவதோடு விடுவதில்லை, தபாலுக்கும் ஜெராக்ஸுக்கும் காசை வாரி இறைக்கிறோம். இந்தச் செலவில் முக்கால்வாசி தேவையே இல்லை என்பதுதான் என் கட்சி.

இந்தப் பழக்கத்துக்குப் பாதிக் காரணம் இணையம். கடன் அறிக்கைப் பிழையைத் திருத்துவது எப்படி என்று ஆங்கிலத்தில் தேடினால் வருவதெல்லாம் பெரும்பாலும் அமெரிக்க ஆலோசனை. அங்கே 1970-ல் வந்த சட்டப்படி கடன் தகவல் நிறுவனங்களுக்குப் புகார் எழுதலாம். அந்த நாட்டின் நுகர்வோர் பாதுகாப்பு ஆணையமே கடிதத்தை ஒப்புகையோடு கூடிய சான்றுத் தபாலில் அனுப்பச் சொல்கிறது. அங்கே அது சரி. நம்மூர் ஆசாமிகள் அதையே தமிழில் பேசி வீடியோ போட, நம் ஜனங்களும் கட்டுக் கட்டாக ரெஜிஸ்டர் தபால் அனுப்புகிறார்கள்.

நம் நாட்டு நிலவரம் வேறு. இங்கே ட்ரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், சிஆர்ஐஎஃப் ஹைமார்க் என்று நான்கு நிறுவனங்கள். 2005-ல் வந்த கடன் தகவல் நிறுவனங்கள் சட்டத்தின் 21-வது பிரிவு, நம் ரிப்போர்ட்டில் உள்ள தவறைத் திருத்தக் கேட்கும் உரிமையை நமக்குத் தருகிறது. அதற்கு 30 நாள் கெடு. வருஷத்துக்கு ஒரு முழு ரிப்போர்ட்டை ஒவ்வொரு நிறுவனமும் இலவசமாகத் தரவேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2016-ல் உத்தரவு போட்டது, 2017 ஜனவரியிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. அதாவது நான்கு ரிப்போர்ட், பைசா செலவில்லாமல். தவறு இருந்தால் அந்தந்த நிறுவனத்தின் இணையதளத்திலேயே புகார் பதியலாம். அதற்கும் கட்டணம் இல்லை. புகார் எண் கிடைக்கும். அந்த எண்ணும் தேதியும்தான் உங்கள் முதல் ஆதாரம். ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் புரிந்துகொள்ள வேண்டும். இந்த நிறுவனங்கள் தாங்களாக எதையும் திருத்த முடியாது. கடன் கொடுத்த வங்கி "ஆமாம், தவறுதான்" என்று சொன்னால்தான் மாற்றுவார்கள். நோய் இருக்கும் இடம் வங்கி. வங்கி தன் கணக்கில் திருத்தினால் அந்தத் திருத்தம் நான்கு நிறுவனங்களுக்கும் போக வேண்டும். ஆகவே நான்கு பேருக்கு நான்கு கவர் அனுப்புவதைவிட வங்கிக்கு ஒரு கடிதம் மேல்.

என் பெரியப்பா கதையைச் சொல்கிறேன். பைக் கடனை முழுதும் கட்டி, என்.ஓ.சி.யும் வாங்கி பீரோவில் வைத்திருந்தார். அண்ணனின் படிப்புக் கடனுக்கு இணைக் கடன்தாரராகக் கையெழுத்துப் போடப் போனபோதுதான், அந்த பைக் கடன் இன்னும் பாக்கி என்று ரிப்போர்ட்டில் இருப்பது தெரிந்தது. கல்லூரிக்குப் பணம் கட்டவேண்டிய தேதி நெருங்கிக்கொண்டிருந்தது. யாரோ சொன்னார்கள் என்று ஆறு கவர் போட்டார். நான்கு நிறுவனங்கள், வங்கிக் கிளை, தலைமை அலுவலகம். ஒவ்வொன்றிலும் முப்பது பக்கம். ஆதார், பான், ரேஷன் கார்டு, பாஸ்புக் முழுதும், ஆர்.சி. புத்தகம்... ஜெராக்ஸ், தபால் எல்லாம் சேர்த்து எண்ணூறு ரூபாய்க்கு மேல். பட்டறையில் ஒரு நாள் கூலியும் போச்சு. கடைசியில் வேலையை முடித்தது எது? இணையத்தில் பதிந்த ஒரு புகாரும், வங்கியின் குறைதீர் அதிகாரிக்குப் போன ஒரு மின்னஞ்சலும். இணைத்தது இரண்டே பக்கம்: என்.ஓ.சி., கடைசித் தவணை கட்டிய ஸ்டேட்மென்ட்.

எண்ணூறு ரூபாய்க்கு இத்தனை பேச்சா என்று கேட்பீர்கள். மாதச் சம்பளக்காரருக்கு அது ஒரு சினிமா, பாப்கார்ன். பட்டறையில் நிற்பவருக்கு அப்படி இல்லை. அதைவிடப் பெரிய கெடுதல், கனமான கவர் அனுப்பினால் வேலை நடக்கும் என்ற நம்பிக்கை. கவரை அனுப்பிவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பதில் நாள் போகிறது. அங்கே கல்லூரி காத்திருக்காது.

சரி, அப்படியானால் தபாலே வேண்டாமா? வேண்டும். ஆனால் வரிசைப்படி.

முதலில் இணையப் புகார். செலவு பூஜ்யம். இரண்டாவது வங்கிக்கு மின்னஞ்சல். மின்னணு ஆவணத்தை 2000-ம் வருஷத்துத் தகவல் தொழில்நுட்பச் சட்டமே ஏற்றுக்கொண்டுவிட்டது. இதுவும் பூஜ்யம். மூன்றாவது, கிளை உங்கள் ஊரிலேயே இருந்தால் நேரே போங்கள். கடிதத்தில் இரண்டு பிரதி. ஒன்றைக் கொடுத்துவிட்டு மற்றதில் சீல், தேதி, கையெழுத்து வாங்குங்கள். "சரி சார், பண்ணிடறோம்" என்ற வாய்வார்த்தைக்கு மதிப்பு கிடையாது. ரப்பர் ஸ்டாம்புக்கு உண்டு.

சீல் போட மாட்டேன் என்றால் அப்போது தபால். பழைய ரெஜிஸ்டர் தபால் 2025 செப்டம்பரில் ஸ்பீடு போஸ்ட்டோடு இணைக்கப்பட்டுவிட்டது. 2025 அக்டோபர் 1-ல் வந்த கட்டணப்படி 50 கிராம் வரை உள்ளூருக்கு 19 ரூபாய், வெளியூருக்கு 47 ரூபாய். விலாசதாரரிடமே சேர்க்கும் பதிவு வசதி வேண்டுமானால் கூட 5 ரூபாய். இவற்றின் மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. கணக்குப் போட்டால் பதிவோடு உள்ளூருக்கு ரூ. 28.32, வெளியூருக்கு ரூ. 61.36. அந்த ஐந்து ரூபாயில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். சரியான விலாசம் எழுதி, கட்டணம் செலுத்திப் பதிவுத் தபாலில் அனுப்பினால் சேர்ந்ததாகவே கருதப்படும் என்று 1897-ம் வருஷத்துப் பொது உட்பிரிவுகள் சட்டத்தின் 27-வது பிரிவு சொல்வது பதிவுத் தபாலைப் பற்றித்தான். கவருக்குள் என்ன இருந்தது என்பதைக் காட்ட கடிதத்தின் பிரதி ஒன்றும் உங்களிடம் இருக்கட்டும்.

50 கிராம் என்பதைக் கவனியுங்கள். சாதாரண ஏ4 தாள் ஒன்று சுமார் 5 கிராம். ஆக கவரையும் சேர்த்து எட்டுத் தாள் தாராளமாகப் போகும். அதைத் தாண்டினால் வெளியூர்க் கட்டணம் தூரத்தைப் பொறுத்து 59-லிருந்து 77 ரூபாய். கடிதம் ஒரு பக்கம், தவறு உள்ள ரிப்போர்ட் பக்கம் (அந்த வரியைக் கோடிட்டு), என்.ஓ.சி., ஸ்டேட்மென்ட். நான்கே தாள். ரேஷன் கார்டு எதற்கு? தேவையில்லாத அடையாள ஆவணங்களை ஊர் ஊராக அனுப்புவது செலவு மட்டுமல்ல, ஆபத்தும்கூட. மாணவர்களுக்கு ஸ்பீடு போஸ்ட்டில் 10 சதவீதத் தள்ளுபடியும் அறிவித்திருக்கிறார்கள். நம் கடிதம் என்றால் கவுண்டரில் கேட்கத் தயங்காதீர்கள்.

இப்போது என் ஆதங்கத்துக்கு வருகிறேன். தப்பு செய்தது வங்கி, தபால் தலைக்குக் காசு நாமா? ரிசர்வ் வங்கி 2023 அக்டோபர் 26-ல் ஒரு நல்ல காரியம் செய்தது. புகார் கொடுத்து 30 நாளில் தீராவிட்டால், அதற்குமேல் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் நமக்கு நஷ்டஈடு. வங்கி 21 நாளுக்குள் திருத்தத்தை அனுப்பவில்லை என்றால் வங்கி கட்டவேண்டும். வங்கி அனுப்பியும் தகவல் நிறுவனம் தாமதித்தால் அந்த நிறுவனம் கட்டவேண்டும். 2024 ஏப்ரல் 26 முதல் இது அமல். எத்தனை பேருக்குத் தெரியும்? எந்தக் கிளையிலாவது இதைப் பெரிதாக எழுதி ஒட்டியிருக்கிறார்களா? நான் பார்த்ததில்லை. வட்டி விகிதம் மட்டும் வாசலிலேயே தொங்குகிறது. கெடு தாண்டியும் அசையவில்லை என்றால் ரிசர்வ் வங்கியின் ஒம்புட்ஸ்மேனிடம் இணையத்திலேயே முறையிடலாம். அதற்கும் கட்டணம் கிடையாது. அப்போது கேட்பார்கள், முதலில் வங்கியிடம் எப்போது புகார் கொடுத்தாய் என்று. அந்த சீல், அந்த புகார் எண், அந்த ரசீது எல்லாம் அங்கேதான் உதவும்.

இன்னும் ஒரு கூட்டம் இருக்கிறது. "சிபில் சரி பண்ணித் தர்றோம்" என்று ஆயிரக்கணக்கில் வாங்கும் ஏஜெண்டுகள். தவறான தகவலை நீங்களே இலவசமாகத் திருத்தலாம். சரியான தகவலை யாராலும் அழிக்க முடியாது. பின்னே அந்தக் காசு எதற்கு?

வகுப்பு நண்பர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. இது அப்பா, பெரியப்பா சமாச்சாரம் என்று விட்டுவிடாதீர்கள். கடன் வரலாறு மோசம் என்பதற்காக ஸ்டேட் வங்கி ஒருவரின் வேலை நியமனத்தை ரத்து செய்தது சரியே என்று சென்னை உயர் நீதிமன்றம் 2025 ஜூனில் தீர்ப்பளித்தது. நம்மில் பாதிப் பேர் வங்கித் தேர்வுக்குப் படிக்கிறோம். கட்டாத கடனுக்கு அந்தக் கதி என்றால் புரிந்துகொள்ளலாம். கட்டிய கடன் கட்டாததாகப் பதிவாகி அதே கதி வந்தால்?

ஆகவே இந்த வார இறுதியில் வீட்டில் யாராவது ஒருவருடைய இலவச ரிப்போர்ட்டை எடுத்துப் பாருங்கள். தெருவில் இணையம் தெரியாத பெரியவர்கள் இருந்தால் அவர்களுக்கும் கூட உட்கார்ந்து எடுத்துக் கொடுங்கள் (ஓ.டி.பி.யை அவர்களே போடட்டும்). அரைமணி நேர வேலைதான்.

பி.கு: பழைய என்.ஓ.சி.க்களைப் பீரோவில் மட்டும் வைக்காமல் போனில் ஒரு படமும் எடுத்து வையுங்கள். ஜெராக்ஸ் கடைக்குப் போகும் செலவும் மிச்சம் :-)