பரணில் கிடக்கும் ஈஸி சேரை இறக்குங்க!

மொட்டை மாடியில் காற்று வாங்க ஆன்லைனில் கேம்பிங் சேர் தேடுகிறீர்களா? பணம் கட்டுவதற்கு முன்னால் ஒரு தடவை பரணைப் பாருங்கள். தாத்தா காலத்து ஈஸி சேரின் மரச்சட்டம் அங்கே தூசி படிந்து கிடக்கலாம்.

கப்பலின் மேல்தளத்தில் பயணிகள் சாய்ந்து உட்காரப் போட்ட 'டெக் சேர்'தான் இதன் நெருங்கிய உறவு. இங்கிலாந்தின் ஜான் தாமஸ் மூர் 1886-ல் இப்படியொரு மடக்கு நாற்காலிக்குக் காப்புரிமை வாங்கினார். பெரிய சூத்திரம் எதுவும் இல்லை. மடங்கும் மரச்சட்டம், இரண்டு கம்பு, ஒரு நீளத் துணி, அவ்வளவுதான்.

பரணுக்குப் போன நாற்காலிகளில் பெரும்பாலும் கிழிந்திருப்பது துணி மட்டுமே. நல்ல தடிமனான கித்தான் வாங்கி, இரு முனையிலும் கம்பு நுழைகிற அளவுக்கு மடித்து, மூன்று வரிசைத் தையல் போடச் சொல்லுங்கள். ஆனால், பழைய துணியை அப்படியே அளவுக்குக் கொடுத்துவிடாதீர்கள். அது உட்கார்ந்து உட்கார்ந்து இழுபட்டிருக்கும். துணி நீளமானால் தொய்வு அதிகம். உட்காருபவர் பள்ளத்துக்குள் போய்விடுவார். முன்பக்கக் கட்டையும் தொடையை அழுத்தும். மூட்டுவலி இருக்கும் அம்மாவை எழுப்ப அப்புறம் இரண்டு பேர் வேண்டும்!

இன்னொன்று, மேல் கம்பை உருவிவிட்டு வேடிக்கை பார்க்கும் குட்டீஸ் குறும்பு. நமக்கு அது சிரிப்பு. வயதானவர் விழுந்தால் இடுப்பு எலும்பே முறியலாம். கம்பின் இரு முனைகளிலும், சட்டத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பகுதியில் துளை போட்டு ஆணி செருகிவிட்டால் யாராலும் உருவ முடியாது. விரிக்கும்போதும் மடக்கும்போதும் குழந்தைகளின் விரல் சட்டத்துக்கு நடுவில் இருக்கக் கூடாது.

கேம்பிங் சேர் மோசம் என்று சொல்லவில்லை. எடை குறைவு, காரில் போட்டுக்கொண்டு பீச்சுக்குப் போகலாம். பிளாஸ்டிக் மூட்டு உடைந்தால் மட்டும் எந்தத் தையல்காரரும் காப்பாற்ற முடியாது.

கித்தானுக்கு வெயிலும் ஈரமும் ஆகாது. வெயில் நூலை இற்றுப்போக வைக்கும். ஈரத்தோடு மடித்தால் பூஞ்சை பிடிக்கும். ராத்திரி உள்ளே எடுத்து வைத்துவிடுங்கள்.

புதுத் துணி மாட்டியதும் பெரியவர்களை உட்கார வைக்காதீர்கள். முதலில் நீங்கள் உட்காருங்கள். கையை ஊன்றி ஒரே மூச்சில் எழ முடிகிறதா? இல்லையென்றால், துணியில் இன்னும் இரண்டு விரற்கடை குறைக்கச் சொல்லுங்கள்.