பழைய குற்றமும் பாதுகாப்பு அனுமதியும்

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்திலுள்ள பிரெமர்டன் நகரில், ட்ரைடென்ட் நீர்மூழ்கிக் கப்பல்களைப் பழுதுபார்க்கும் கடற்படைத் தளத்தில், 1981 நவம்பரில் ஈகன் என்பவர் தொழிலாளராகச் சேர்ந்தார். கூலித் தொழில்தான். எனினும் அத்தளத்தின் எல்லா வேலைகளும் பாதுகாப்புடன் தொடர்புபட்டவை என வகுக்கப்பட்டிருந்தமையால், அவருக்கும் பாதுகாப்பு அனுமதி தேவைப்பட்டது. 1983இல் கடற்படை அதனை மறுத்தது. தாக்குதல் குற்றம், சட்டவிரோதமாகத் துப்பாக்கி வைத்திருந்த குற்றம், பழைய மதுப்பழக்கம், முந்திய இரு தண்டனைகளை விண்ணப்பப்படிவத்தில் குறிப்பிடாமை ஆகியன காரணங்களாகக் காட்டப்பட்டன.

ஈகன் அளித்த பதில் எளிமையானது. செய்த குற்றங்களுக்குரிய தண்டனையை அனுபவித்துவிட்டேன். ஏழு ஆண்டுகளுக்கு முந்தியவற்றைப் படிவம் கேட்கவில்லை என்றே கருதினேன். இவ்வுத்தியோகத்திற்கு முந்திய மூன்று ஆண்டுகளாக மது எனக்கு ஒரு பிரச்சினையாக இருக்கவில்லை என்றார். மேலதிகாரிகளின் நற்சான்றுகளையும் இணைத்தார். பயனில்லை. வேலை போயிற்று. வழக்கு அமெரிக்க உயர் நீதிமன்றம் வரை சென்றது. 1988இல் ஐந்து நீதியரசர்கள் கடற்படையின் பக்கமும் மூவர் எதிர்ப்பக்கமும் நின்றனர். அனுமதி மறுக்கப்பட்டது சரியா, பிழையா என்பதை ஆராயும் அதிகாரம், அரச ஊழியரின் முறைப்பாடுகளை விசாரிக்கும் சபைக்குக் கிடையாது என்பதே தீர்ப்பு. அமெரிக்க நீதிமன்றங்களும் அன்றுமுதல் இத்தகைய முடிவுகளின் தகுதியைப் பெரும்பாலும் தொடுவதில்லை.

இவ்விடயத்தில் அந்நாட்டு விதிகளை நாம் குறைகூற வரவில்லை. 2017 முதல் நடைமுறையிலுள்ள வழிகாட்டிகள் பதின்மூன்று. கடன், மது, போதைப்பொருள், குற்றச்செயல், தனிப்பட்ட நடத்தை என அவை விரிகின்றன. ஆனால் ஒரு தவறு கண்டவுடன் கதவைச் சாத்துமாறு அவை கூறவில்லை. தவறு எவ்வளவு பாரதூரமானது, எப்போது நிகழ்ந்தது, அப்போது அவரின் வயது என்ன, பின்னர் திருந்தினாரா, அதனைக் காட்டி எவரேனும் அவரை மிரட்டக்கூடுமா என மனிதரை முழுமையாக எடைபோடுமாறே பணிக்கின்றன. இதனாலேயே, செய்த தவற்றைவிட மறைத்த தவறு பெரும்பாலும் கனமாகிறது. மனைவிக்கும் மேலதிகாரிக்கும் ஏற்கெனவே தெரிந்த ஒன்றைக் கொண்டு ஒருவரை மிரட்டமுடியாதல்லவா? தர்க்கம் நியாயமானதே.

ஆனால் மிரட்டலுக்கான வாய்ப்பை அரசே உண்டாக்கிய காலமும் இருந்தது. 1950இல், தன்பாலீர்ப்பாளர் அரச பணியில் இருப்பது ஆபத்து என்று செனற் குழுவொன்று அறிக்கையிட்டது. அதற்கு அது எடுத்துக்காட்டிய பிரதான உதாரணம், 1913இல் இறந்துபோன ரெடல் என்னும் ஆஸ்திரிய இராணுவ அதிகாரி! சொந்த நாட்டில் ஓர் உதாரணம் அகப்படவில்லை. 1953இல் ஜனாதிபதி ஐசனோவர் பிறப்பித்த கட்டளை அவ்வச்சத்தையே விதியாக்கியது. ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தனர். வெளியே தெரிந்தால் வேலை போகும் என்பதனாலேயே மறைத்தார்கள். மறைத்ததனாலேயே ஆபத்தானவர்கள் எனப்பட்டார்கள். 1995இல் ஜனாதிபதி கிளின்டனின் கட்டளை வரும்வரை இந்த வட்டம் உடையவில்லை.

நம்மை உறுத்துவது தராசு அல்ல, அதைப் பிடிக்கும் கை. 2017இல் வெள்ளை மாளிகையில் ஜனாதிபதியின் மேசைக்குச் செல்லும் ஆவணங்களைக் கையாளும் செயலாளராக ரொப் போர்ட்டர் அமர்ந்தார். தம்மைத் துன்புறுத்தியதாக அவருடைய முன்னாள் மனைவியர் இருவர் எஃப்.பி.ஐ.யிடம் தெரிவித்திருந்தனர். அவர் மறுத்தார். எஃப்.பி.ஐ.யின் அறிக்கைகள் அவ்வாண்டிலேயே வெள்ளை மாளிகைக்குச் சென்றன என்று அதன் பணிப்பாளர் பின்னர் செனற் குழுவின் முன் கூறினார். ஆயினும் இடைக்கால அனுமதியுடன் அவர் பணியைத் தொடர்ந்தார். 2018 பெப்ரவரியில் பத்திரிகைகளில் செய்தியும் படமும் வெளிவந்த பின்னரே பதவி விலகினார். குற்றச்சாட்டு மெய்யா, பொய்யா என்பது நமது வழக்கன்று. இடைக்கால அனுமதி எவருக்கும் வழங்கப்படலாம் என்பதும் உண்மை. ஆயினும், அனுமதி கிடைக்கும்வரை நீர்மூழ்கியில் ஏறாத வேலைகளிலேயே ஈகன் வைக்கப்பட்டிருந்தார் என்பதை நினைக்கும்போது மனம் ஒப்பவில்லை.

பத்திரிகைக் கந்தோரில் முப்பது ஆண்டுகளைக் கழித்தவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்லலாம். பெரியவர்களின் பழைய தவறு ‘இளமைக்கால விடயம்’ ஆகிவிடும். அச்சுக்கூடத் தொழிலாளியின் தவறு எத்தனை ஆண்டானாலும் தவறாகவே கோப்பில் கிடக்கும். அமெரிக்காவுக்கு மட்டும் உரிய குணமன்று இது.

பரிகாரமும் அங்கேயே இருக்கிறது. பாதுகாப்புத் துறைக்கு வேலை செய்யும் தனியார் நிறுவன ஊழியருக்கு அனுமதி மறுக்கப்பட்டால், அவர் நிருவாக நீதிபதி ஒருவரின் முன் சாட்சிகளை அழைக்கலாம், குறுக்கு விசாரணை செய்யலாம். பெயர் நீக்கப்பட்ட தீர்ப்புகள் இணையத்தில் பகிரங்கமாகவும் வெளியிடப்படுகின்றன. கடன்பட்ட பொறியியலாளரின் கதையையும் கஞ்சா புகைத்த மாணவரின் கதையையும், எக்காரணத்தால் ஏற்றார்கள், எக்காரணத்தால் மறுத்தார்கள் என்று எவரும் வாசித்தறியலாம். வெள்ளை மாளிகையில் வழங்கப்படும் அனுமதிகளுக்கு இப்படியொரு பதிவு வெளிவருவதில்லை. பெயர் வேண்டாம், காரணத்தையாவது வெளியிடட்டும்.